கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் துப்பறியும் நாவலைத் திரும்பப் படிப்பதில் என்ன சுகம்?

கேள்வி கேட்டவர், "முடிவு தெரிந்த கொலைக்கதை செத்த பாம்பு, அதை எதற்கு மறுபடி அடிக்கிறீர்கள்?" என்றும் கீழே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் முதல் தடவை படிப்பது வெறும் படபடப்பு. ருசி இரண்டாம் தடவைதான்.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளிக் கம்பியின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் பற்றாசுப் பொடி வைத்து, குழலால் ஊதி ஒட்ட வைப்பார்கள். 'பொடி வச்சுப் பேசுறான்' என்று நாம் சொல்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்பார் அப்பா. வேலை முடிந்த கொலுசைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எங்காவது நகம் தட்டினால் போச்சு, திரும்ப அராவ வேண்டியதுதான். "பொடி வச்ச எடம் வச்சவனுக்கு மட்டுந்தாண்டா தெரியோணும்" என்பார்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு லீவில் ஏற்காட்டுக்கு, அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பையில் வாடகை நூல்நிலையத்தில் எடுத்த அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, 1920இல் வெளிவந்த, ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவைத் தாண்டும்போதே பஸ்ஸில் பிரித்துவிட்டேன். (வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' நாவலை 1950இல் படமாக எடுத்தவர்கள் அவர்கள்தான். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். அதுவும் ஒரு தனிச் சுகம். ஆனால் அங்கே நமக்கு வேலை கிடையாது, வாயைப் பிளந்து பார்த்தால் போதும்.) இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதிலேயே குமட்டிக்கொண்டு வர, புத்தகத்தை மூடிவிட்டேன்.

மேலே மூன்று நாள் மழை, மூட்டம், கரண்ட் இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற சமயம் என்பதால் தோல் உரித்த கழிவின் புளித்த வாடை வீடு வரை அடித்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் கவனித்தேன், எனக்கு முன்னால் படித்த யாரோ ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஓர் ஆளின் பெயர் பக்கத்தில் 'இவன்தான்'. கொஞ்சம் தள்ளி 'இல்ல, டாக்டர்'. அப்புறம் இன்னொரு பெயருக்குப் பக்கத்தில் 'சத்தியமா இது'. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு 'அட!'. முதலில் எரிச்சலாக வந்தது. போகப்போக கிறிஸ்டியைவிட இவர் அடுத்து யாரைப் பிடிப்பார் என்பதே பெரிய ஆவலாகிவிட்டது.

இனி கொலை நடந்த விதத்தைச் சொல்லப் போகிறேன். ஆளைச் சொல்ல மாட்டேன். அதுவும் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போங்கள். பெரிய பங்களா, பணக்காரக் கிழவி, பூட்டிய அறையில் வலிப்பு வந்து சாகிறாள். விஷம் ஸ்ட்ரிக்னின், நம்மூர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே சரக்கு. எப்படி உள்ளே போனது? அவள் தினமும் குடிக்கிற டானிக்கிலேயே அது துளியூண்டு உண்டு. அதில் புரோமைடு தூக்கப் பொடியைக் கொட்டினால் கரைந்திருந்த விஷம் தனியே பிரிந்து, வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும். நாள் கணக்கில் ஒன்றும் ஆகாது. கடைசி வேளை மருந்தில் மொத்தமும் வந்து சேரும். கொலையே பொடி வைத்த கொலை! முதல் உலகப்போர் சமயத்தில் கிறிஸ்டி இங்கிலாந்தின் டார்க்கீ ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தவர், கை அனுபவம் பேசுகிறது.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தூக்கப் பொடியின் காலி டப்பா கதையில் பட்டவர்த்தனமாகக் கிடக்கிறது. துப்பறிகிறவர் வேலைக்காரம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கவும் செய்கிறார், அவளும் பதில் சொல்கிறாள். நமக்கோ அப்போது கவனமெல்லாம், விஷம் அதில்தான் கலந்தது என்று நாம் சந்தேகிக்கிற காப்பிக் கோப்பை மேல். பென்சில்காரரைத் தேடினேன். பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கிய மனுஷன் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நான் மட்டும் ஒழுங்கா? அந்த மாதம்தான் பள்ளிக்கூட லேபில் உப்புப் பகுப்பாய்வு செய்து வெள்ளை வீழ்படிவு, மஞ்சள் வீழ்படிவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். உறைக்கவில்லையே! வேதியியல் தெரியாதவருக்கு இது நியாயமா என்றால், பாதி நியாயம்தான். பின்னால் வந்த கிறிஸ்டியின் நாவல்கள் பலவற்றில் இந்தக் குறையும் இருக்காது, வெறும் பேச்சிலேயே பொடி இருக்கும்.

ரொனால்ட் நாக்ஸ் என்கிற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அவரும் இந்த ரகக் கதை எழுதியவர்தான். துப்பறிகிறவர் கண்ணில் படுகிற தடயம் வாசகனுக்கும் உடனே காட்டப்பட வேண்டும், யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் போகும். முதல் வாசிப்பில் இந்த நேர்மையை உணர நமக்கு நேரமேது, ஓடிக்கொண்டிருப்போம். திரும்பப் படிக்கும்போது நம் கையில் அப்பாவின் கட்டைவிரல் நகம் இருக்கும். எந்த வரி இரட்டை அர்த்தத்தில் நிற்கிறது, எந்தச் சிரிப்பு நம்மைத் திசைதிருப்ப வைத்தது என்று தடவிக்கொண்டே போகலாம். மோசமான நாவலில் நகம் தட்டும், கடைசி அத்தியாயத்தில் திடீரென ஓர் இரட்டைப் பிறவி முளைப்பான். அந்த மாதிரிப் புத்தகத்தை நான் திரும்பத் தொடுவதில்லை.

"என்ன மாப்ள, படிச்சதையே படிக்கிற, பரீட்சைக்கா?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இறங்குவதற்கு முந்தின ராத்திரி, அந்த டப்பா வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. போடவில்லை. சேலத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் நாலு நாள் தாமதத்துக்கு வாடகை வாங்கினார். அப்புறம் பக்கங்களைப் புரட்டினார். ஓரத்தில் கிறுக்கியது நான்தான் என்று முடிவு கட்டி, எவ்வளவு மன்றாடியும் கேட்காமல் இன்னும் ஒரு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டார்.