வைட் பால் தெரியும், அது என்ன வைட் ஆஃப் த மார்க்?

கேள்வி: ஒரு வேலைக்கு 18 நாள் ஆகும்னு எஸ்டிமேட் குடுத்தேன் சார், 41 நாள் இழுத்துடுச்சு. மேனேஜர் மெயில்ல "யுவர் எஸ்டிமேட் வாஸ் வைட் ஆஃப் த மார்க்"னு போட்டிருக்கார். அப்ரைசல்ல மார்க் குறைச்சிடுவாரோ? ஆனா கிரிக்கெட் கமென்ட்ரில "ஆஃப் த மார்க்"னா கை தட்டுறாங்களே, அப்போ இது பாராட்டா, திட்டா?
- வாசகர், ஓசூர்

பதில்: திட்டுதாங்க, ஆனா டீசன்ட்டான திட்டு. உங்க கணக்கு எங்கேயோ தள்ளிப் போய் விழுந்திருக்குன்னு சொல்றார். பரீட்சை மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது அம்பு விடுறவன் வைக்கிற குறி. இங்கிலாந்துல 1363ல மூணாம் எட்வர்ட் ராஜா, லீவு நாள்ல பந்து விளையாட்டையெல்லாம் விட்டுட்டு எல்லாரும் வில்லு பழகுங்கடான்னு உத்தரவே போட்டார், ஊரே அம்பு விட்டுக்கிட்டிருந்த நாட்டுல குறி பத்தின பேச்சு பாஷையில ஒட்டிக்கிட்டதுல ஆச்சரியம் என்ன.

'வைட்'னா இங்க அகலம் இல்ல, தள்ளின்னு அர்த்தம். பேட்ஸ்மேனுக்கு எட்டாம பந்து போனா அம்பயர் ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டுவாரே, அதே வைட்தான்.

பெரும்பாலும் கணிப்பு, வதந்தி, கருத்து இதுக்குத்தான் சொல்வாங்க. இங்கிலீஷ் ஃபுட்பால்ல ஒரு பிளேயர் கிளப் மாறுறார்னு பேப்பர்ல வந்தா, கோச் வந்து "தட்ஸ் வைட் ஆஃப் த மார்க்"னு ஒரே வரியில முடிச்சிடுவார். பொய்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதில்ல பாருங்க. ஒரு மார்க்ல ஃபெயிலானவனுக்கு, நூலிழையில தப்பினதுக்கெல்லாம் இது சரி வராது, நல்லாவே தள்ளிப் போயிருக்கணும். சிரிக்க வைக்க எடுத்த விளம்பரத்துக்கு யாருமே சிரிக்கலையா, அங்க "மிஸ்டு த மார்க்"னு சொல்லுங்க. கிட்டத்தட்ட சரின்னா "நாட் ஃபார் ஆஃப் த மார்க்".

இப்போ உங்க கிரிக்கெட் டவுட். அங்க "ஆஃப் த மார்க்"னா முதல் ரன் எடுத்துட்டார்னு அர்த்தம். அந்த மார்க்கை குறியா நினைக்காதீங்க, ஓட்டப்பந்தயத்துல "ஆன் யுவர் மார்க்ஸ்"னு கத்துவாங்கல்ல, அந்தக் கோடா நினைச்சுக்கோங்க, கோட்டை விட்டுக் கிளம்பிட்டார், அதான் கைதட்டல்.

பதில் மெயில்ல "ஐ வில் பி க்ளோசர் டு த மார்க் நெக்ஸ்ட் டைம்"னு போடுங்க. கைதட்டலை நம்பி "ஆஃப் த மார்க்"னு மட்டும் போட்டுடாதீங்க, அடுத்த தடவையும் தப்பாத்தான் சொல்வேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.