வாசகர் கேள்வி – பதில்: மரியா தெரசாவின் மணமாகாத மகள்கள்

ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசாவையும் அவருடைய 16 பிள்ளைகளையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். கடைசிவரை மணமாகாத இரண்டு மகள்களைப் பற்றி மலையிலிருந்து நிறையக் கடிதங்கள். மூத்தவர் மரியா அன்னா (1738–1789). அடுத்தவர் மரியா எலிசபெத் (1743–1808).

இரண்டு பேரும் மடத்துத் தலைவிகள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் கான்வென்ட் மதர் மாதிரியா? – ஒரு வாசகி, கொடைக்கானல்

இல்லை. உங்கள் ஊர் மதர் வாழ்நாள் முழுவதும் துறவறத்தில் இருப்பதாக வார்த்தைப்பாடு (சத்தியம்) கொடுத்தவர். மகாராணியின் அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க் வீட்டு மடத் தலைவிக்கு அந்தக் கட்டு கிடையாது. நல்ல வரன் அமைந்தால் பதவியை விட்டுவிட்டுப் போகலாம். பிராக் மடத் தலைவியாக இருந்த மரியா கிறிஸ்டினா 1879-ல் ஸ்பெயின் மன்னர் 12-ம் அல்ஃபோன்சோவை மணந்து அந்நாட்டு அரசியானார். ஊரில் யாரும் அதைக் குற்றமாகப் பேசவில்லை.

மரியா தெரசா பிராக் மடத்தைத் தொடங்கியது 1755-ல். பிரபு குலத்தில் பிறந்து, கையில் காசில்லாமல், வரனும் அமையாமல் நிற்கும் 30 பெண்களுக்கு அங்கே இடம். சேர வருகிறவர் தந்தை வழியில் 8, தாய் வழியில் 8 முன்னோர்கள் பிரபுக்கள் என்று ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். தலைவி பதவி மட்டும் ஹாப்ஸ்பர்க் வீட்டு மகளுக்கே ஒதுக்கப்பட்டது. பிராக்கைத் தலைநகராகக் கொண்ட பொஹீமிய நாட்டு ராணியின் முடிசூட்டுச் சடங்கில் தலைவிக்குப் பங்கு உண்டு. 1791-ல் அந்த இடத்தில் நின்ற இளம் தலைவி முடிசூட்டிக்கொண்ட ராணியின் சொந்த மகள்!

மகாராணி தொடங்கிய இன்னொரு மடம், ஆல்ப்ஸ் மலை நகரான இன்ஸ்ப்ருக்கில், வேறு காரணத்துக்காக வந்தது. 1765 ஆகஸ்ட் 18-ல் மகன் லியோபோல்டின் கல்யாணக் கொண்டாட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தபோதே மகாராணியின் கணவர் ஃபிரான்ஸ் திடீரென்று இறந்துபோனார். அவருடைய ஆன்மாவுக்காகத் தினமும் ஜெபிக்க 12 பிரபு குலப் பெண்களைக் கொண்டு மடம் அமைத்தார் மகாராணி.

மரியா அன்னா பிராக் தலைவியாக நியமிக்கப்பட்டது 1766-ல். ஆனால் வசிப்பு வியன்னாவில்தான்: குளிர்காலத்தில் ஹோஃப்புர்க் அரண்மனை, கோடையில் ஷோன்ப்ருன் அரண்மனை. தங்கை எலிசபெத்தும் அப்படியே. திருப்பலி, தூதர் வரவேற்பு, பொது விருந்து, சீட்டாட்ட மாலை என எல்லாவற்றிலும் ஆள்பவரின் மகள் என்ற தகுதியில் அவரவருக்குரிய இடத்தில் நிற்க வேண்டும். அந்தத் தகுதி தாய் உயிரோடு இருக்கும்வரைதான். அதை மகாராணி நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறார். தனி வருமானம், தனிப் பதவி, அண்ணன் தம்பி கையை எதிர்பார்க்காத ஒரு வீடு, மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டார்.

1780 நவம்பர் 29-ல் அவர் இறந்தார். இரண்டு மனைவியரையும் இழந்து, மறுபடி மணக்காமல் இருந்த மகன் 2-ம் ஜோசப்புக்கு ஆடம்பரமும் பிடிக்காது, சகோதரிகளின் தனித்தனிப் பரிவாரங்களும் பிடிக்காது. 1781-லேயே அன்னா தெற்கு ஆஸ்திரிய ஊரான கிளாகன்ஃபுர்ட்டுக்கும் எலிசபெத் தன் மடம் இருந்த இன்ஸ்ப்ருக்குக்கும் போய்விட்டார்கள். அரச வீட்டுப் பெண்ணின் விதி பெரியம்மையிலும் அழகிலும் முடிவானதாகப் பலர் எழுதுகிறார்கள். எங்கள் எண்ணத்தில், சிம்மாசனத்தில் அன்று யார் உட்கார்ந்திருந்தார் என்பதே முக்கியம்.

கல்லறைக்குள் போனதால்தான் இளவரசி ஜோசஃபாவுக்குப் பெரியம்மை வந்தது என்கிறார்களே? – குன்னூர் வாசகர்

கதை இப்படி: 1767 மே மாதம் ஜோசப்பின் இரண்டாவது மனைவி பெரியம்மையில் இறந்தார். நேப்பிள்ஸ் மன்னருக்கு நிச்சயமாகியிருந்த 16 வயது மகள் ஜோசஃபாவைப் புறப்படும் முன் கல்லறையில் ஜெபிக்கத் தாய் அழைத்துப்போனார். இறந்த மருமகளின் சரியாக மூடாத சவப்பேழையிலிருந்து நோய் தொற்றியது.

நாள் கணக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் கல்லறைக்குப் போனது அக்டோபர் முதல் வாரம். ஜோசஃபா இறந்தது அக்டோபர் 15. பெரியம்மைக் கிருமி உடலில் நுழைந்தபின் காய்ச்சல் தொடங்கவே சுமார் 12 நாள் ஆகும். அதன்பின் கொப்புளம் வந்து, பெரும்பாலும் நோயின் இரண்டாவது வாரத்தில்தான் உயிர் போகும். ஆக மூன்று வாரத்துக்கும் மேல். கல்லறைக்குள் போகும்போதே நோய் உடம்பில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மகாராணிக்கே பெரியம்மை வந்து பிழைத்திருந்தார். வியன்னாவில் நோய் பரவலாக இருந்தது.

அதே அக்டோபரில்தான் எலிசபெத்துக்கும் வந்தது. பிள்ளைகளில் அழகி என்று பெயரெடுத்தவர்; பிழைத்தார், முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. 1768-ல் மனைவியை இழந்த ஃபிரெஞ்சு மன்னர் 15-ம் லூயிக்கு அவரைக் கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்தும் கூடிவரவில்லை.

உங்கள் ஊர் பாஸ்டியர் நிறுவனத்தைச் சொல்லி ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1768-ல் மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் மகாராணியின் இளைய மகன்கள் இருவருக்கும் ஒரு பேத்திக்கும் போட்டது இன்றைய தடுப்பூசி அல்ல. லேசாக அம்மை கண்ட ஒருவரின் கொப்புளச் சீழைக் கத்தி முனையில் எடுத்துக் கைத்தோலில் மேலோட்டமாகக் கீறி வைப்பது. உண்மையான பெரியம்மையே வரும், ஆனால் பெரும்பாலும் லேசாக. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே வைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கடுமையாகவே தொற்றிவிடும். இந்த முறையில் தவறுவது அங்கேதான். ஆங்கில மருத்துவர் ஜென்னரின் மாட்டம்மைப் பால், அதாவது முதல் தடுப்பூசி, வந்தது 1796-ல்.

எலிசபெத்துக்குக் கழுத்துக் கழலையும் உண்டாமே? மலையில் இருந்ததாலா? – உதகை வாசகி

உண்டு. இன்ஸ்ப்ருக் மக்கள் அதை வைத்தே அவருக்குப் பட்டப்பெயர் போட்டுவிட்டார்கள். மலைச்சரிவுகளில் பனியும் மழையும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைந்ததையே தின்றால் தைராய்டு சுரப்பி வீங்கும். ஆல்ப்ஸ் முழுக்க இந்தக் கழலை இருந்தது. மருத்துவர்கள் கடல் பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொடுத்தார்கள். ஓரளவு கேட்டது, ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. அயோடின் கண்டுபிடிக்கப்பட்டதே 1811-ல், எலிசபெத் இறந்து 3 ஆண்டுக்குப் பிறகு.

இங்கேயும் மழை அரிக்கும் மலைதான். அயோடின் உப்பு வாங்குங்கள், மூடிய டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள், குழம்பு கொதித்து இறக்கும்போது போடுங்கள். திறந்து வைத்தாலும் நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் அயோடின் குறையும்.

பள்ளி நாடகத்தில் இந்தச் சகோதரிகளாக இரண்டு மாணவிகள் நடிக்கிறார்கள். பாவாடை இருபுறமும் விரிந்து நிற்க என்ன செய்வது? – ஓர் ஆசிரியை, கோத்தகிரி

முதலில் காட்சி எந்த ஆண்டு என்று முடிவு செய்யுங்கள். 1765-க்குப் பிறகு என்றால் மகாராணி கருப்பு உடையில்தான் வர வேண்டும். கணவர் இறந்தபின் கடைசிவரை அவர் கருப்பைக் களையவில்லை. 1767-க்குப் பிறகு என்றால் எலிசபெத்துக்குத் தழும்பு. அழைக்கும்போது 'மகாராணி' என்று சகோதரிகளைச் சொல்லக் கூடாது. 'மேன்மை தங்கிய இளவரசி' போதும்.

விரிப்புக்கு இடுப்பின் இருபுறமும் இரண்டு பை போலத் தைக்க வேண்டும். கெட்டிக் காடாத் துணியில் ஒவ்வொரு பைக்கும் மூன்று குழாய்த் தையல். அவற்றில் 45, 60, 75 செ.மீ. நீளப் பிரம்பு, சின்னது மேலே. பிரம்பை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டிக் காயவிடுங்கள். கோத்தகிரி மூடுபனியில் இரண்டு நாளாவது ஆகும். ஈரத்தோடு செருகினால் நிமிர்ந்துவிடும். பையின் உட்புறம் ஒவ்வொரு பிரம்பின் இரு முனைகளையும் நாடாவால் இழுத்துக் கட்டினால்தான் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். கட்டாவிட்டால் நடக்கும்போது முன்னே சுழன்றுவரும்.

மேல்பாவாடைச் சுற்றளவு 3.5 மீட்டராவது வேண்டும். எல்லோரும் தவறுவது நீளத்தில்: பக்கத் துணி பிரம்பின் மேல் ஏறி இறங்குவதால் முன்பின்னைவிட 15 முதல் 20 செ.மீ. கூடுதலாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் இருபுறமும் விளிம்பு தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். மேடைக்கு வரும் கதவு குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி நுழையப் பழக்குங்கள். அக்காலப் பெண்களும் அப்படித்தான் நுழைந்தார்கள்.

இணையத்தில் எலிசபெத்தின் படம் தேடினால் ஆளுக்கொரு முகம் வருகிறதே? – வாசகர், கூடலூர்

மரியா எலிசபெத்துகள் மூவர்: பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆஸ்திரிய நெதர்லாந்தை ஆண்ட, இவரைப் போலவே மணமாகாத, மகாராணியின் அத்தை (1680–1741), மூன்று வயதில் இறந்த மூத்த அக்காள் (1737–1740), பிறகு நம்மவர். பிறந்த ஆண்டைப் பார்த்தே எடுங்கள். நம்பகமானது ஓவியர் லியோதார் 1762-ல் சுண்ணக்கட்டியால் வரைந்த படம், இப்போது ஜெனீவாவில். அம்மைக்கு ஐந்து ஆண்டு முந்தையது.

அன்னா கல் சேர்த்தாராமே? – ஒரு கல் சேகரிப்பாளர், உதகை

ஆமாம். 1757-ல் வந்த கடும் நிமோனியா அவருடைய மூச்சைக் கெடுத்தது, முதுகும் வளைந்தது. கல்யாணப் பேச்சு அடங்கியது. தந்தையின் கனிமச் சேகரிப்பைப் பார்த்து வளர்ந்தவர், கனிமவியலாளர் இக்னாஸ் ஃபோன் போர்னின் வழிகாட்டலில் தனக்கென்று ஒன்று சேர்த்தார். தாயின் ஆட்சிக்கால நினைவுப் பதக்கங்களையும் படத்தோடு தொகுத்தார். கிளாகன்ஃபுர்ட் போனபின் பக்கத்து ஸோல்ஃபெல்டில் ரோமானிய ஊரின் அகழாய்வுக்குப் பணம் கொடுத்தார்.

பைரைட் துண்டு பொடியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மலையின் ஈரக்காற்று செய்வது: இரும்பும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கல் ஈரத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகும். வெள்ளை மஞ்சள் பொடியும் புளித்த வாசனையும் அதன் அடையாளம். அமிலம் முதலில் தின்பது பெயர்ச்சீட்டை. பாதித்த கல்லை உடனே தனியே எடுங்கள். மற்ற பைரைட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வரிசை எண் எழுதிவிட்டு, கிடைத்த இடத்தை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். சீட்டு போனாலும் விவரம் போகாது.

அன்னாவின் கனிமங்களை ஹங்கேரியின் பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று புடாபெஸ்டில் ஏத்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.