திருநெல்வேலியை எங்கே வெட்டுவது?

கேள்வி: உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றுக்கு பிஎச்பி-யில் நிரல் எழுதுகிறேன். முகப்பில் தலைப்புகளை 30 எழுத்துக்குள் சுருக்கிக் காட்ட வேண்டும். உரையை வெட்டித் தரும் சப்ஸ்ட்ர் ஃபங்ஷனைப் போட்டால் கடைசியில் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி வருகிறது. எம்பி_சப்ஸ்ட்ர் என்று மாற்றினேன், அது போய்விட்டது. ஆனால் ‘திருநெல்வேலி’ சில இடங்களில் ‘திருநெல்வ’ என்று நிற்கிறது. என்ன செய்யலாம், சார்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, ‘எழுத்து’ என்று நீங்கள் நினைப்பது வேறு, அந்த இரண்டு ஃபங்ஷன்களும் எண்ணுவது வேறு. ‘திருநெல்வேலி’ நமக்கு ஆறு எழுத்து. கணினி ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் தி என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று. ல் என்பது ல ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி மொத்தம் 12. அவற்றைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. சப்ஸ்ட்ர் பைட்டை எண்ணி நடுவில் வெட்டுவதால்தான் அந்தக் கேள்விக்குறி. எம்பி_சப்ஸ்ட்ர் 12-ஐ எண்ணுகிறது, ஒன்பதாவதில் வெட்டினால் ‘வே’ தன் கொம்பை இழந்து ‘வ’ ஆகிவிடும். எங்கள் தெரு மளிகைக் கடை பில்லில் ‘கடலைப் பருப்பு’ மாதக்கணக்கில் ‘கடலைப் பருப்ப’ என்றுதான் வந்தது, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு கேட்காது. டைமண்டாவது கண்ணில் படும், இது பிழை என்றே தெரியாமல் அச்சாகிப் போய்விடும்.

நீங்கள் போட வேண்டியது கிராஃபீம்_சப்ஸ்ட்ர், சர்வரில் பிஎச்பி-யின் இன்டில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுப்பு) இருக்க வேண்டும். அது கொம்பையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் என்றால் இன்டில்.செக்மென்டர். ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள், ‘ஸ்ரீ’ இந்தக் கணக்கில் ஸ், ரீ என்று இரண்டு, ‘க்ஷ’வும் அப்படித்தான், எனவே நடுவில் பிரிய வாய்ப்பு உண்டு. அதனால் 29 எழுத்து எடுத்து, சொல் பாதியில் நின்றால் அதற்கு முந்தைய இடைவெளி வரை பின்னால் வந்து, அங்கே வெட்டி, அப்புறம் மூன்று புள்ளிக் குறியை ஒட்டுங்கள். இடைவெளியே இல்லாத நீளச் சொல் என்றால் எழுத்தில் வெட்டுவதைத் தவிர வழியில்லை.

டேட்டாபேஸில் முழுத் தலைப்பையும் வையுங்கள், வெட்டுவது காட்டும்போது மட்டும். ஒரே வரியில் அடங்கினால் போதும் என்றால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோவுக்கு எலிப்சிஸ், ஓவர்ஃப்ளோவுக்கு ஹிடன், வைட்-ஸ்பேஸுக்கு நோராப் என மூன்றையும் கொடுத்தால் சரி.

இதே தலைப்பை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் மட்டும் கணக்கு மாறும். ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அங்கே ‘திருநெல்வேலி’ 12 இடத்தைத்தான் பிடிக்கும், நம் ஆறு எழுத்துக் கணக்கு செல்லாது. அதற்கு கிராஃபீம்_எக்ஸ்ட்ராக்ட் இருக்கிறது, அதில் மேக்ஸ்சார்ஸ் என்ற தேர்வைச் சொல்லி 70 கொடுத்தால், அதற்குள் எத்தனை முழு எழுத்து அடங்குமோ அத்தனையை மட்டும் எடுத்துத் தரும்.