ஷ்மிட் எப்படி ஸ்மித் ஆனார்?

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்தவர். அவருடைய எள்ளுத்தாத்தா 1840களில் அங்கே பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் போரிட்டவராம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அவருடைய தந்தையின் ‘ஷ்மிட்’ என்ற பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் ‘ஸ்மித்’ என்று மாற்றிவிட்டதாகவும் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டு எழுதியும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்: சான்றிதழ் கிடைக்காததற்காக மனம் தளர வேண்டாம். ஒஹாயோவின் கவுண்டி நீதிமன்றங்கள் பிறப்புகளை முறையாகப் பதியத் தொடங்கியதே 1867இல்தான். அதற்கு முன் பிறந்தவருக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் உண்டு. எல்லிஸ் தீவுக் கதையையும் ஒதுக்கிவிடலாம். அந்த நிலையம் திறக்கப்பட்டது 1892இல். எள்ளுத்தாத்தாவின் தந்தையோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒஹாயோவில் இருந்திருக்கிறார். பின்னாளிலும் அங்கிருந்த அதிகாரிகள், புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, புதுப் பெயர் சூட்டவில்லை. அக்கம்பக்கத்தாரின் உச்சரிப்பிலும் படைப் பதிவேட்டிலும் பெயர் மெல்ல மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

மருமகளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே வழி. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுப் பார்வைக்கு வருகின்றன; இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே தேடலாம். 1900ஆம் ஆண்டுத் தாள் மிகவும் அருமையானது: பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் அழிந்துபோயிற்று. ஆகவே 1900இலிருந்து 1880க்குத் தாவ வேண்டியிருக்கும்.

ஸ்மித் என்ற பெயரில் ஒஹாயோப் படைப்பிரிவுகளில் ஏராளமானோர் இருந்தார்கள். நம்மவர் எவர் என்று காட்டப்போவது அவருடைய மனைவியின் பெயர். அதை 1880, 1900 தாள்களிலிருந்து குறித்துக்கொண்டு, வடக்குப் படைவீரர்களின் ஓய்வூதிய அட்டவணையைப் பாருங்கள். விதவை விண்ணப்பித்திருந்தால் அட்டையில் அவர் பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் முழுக் கோப்பின் நகலையும் கட்டணம் செலுத்திக் கேளுங்கள். சுருக்க அட்டையோடு நின்றுவிடாதீர்கள். தான் சட்டப்படி மணந்த மனைவிதான் என்று விதவை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், திருமணச் சான்று, பிரசவத்தின்போது உடனிருந்தவர்களின் பிரமாண வாக்குமூலம், சில சமயம் பிள்ளைகளின் பிறந்த நாள்கள் எழுதப்பட்ட குடும்ப பைபிளின் கிழித்தெடுத்த பக்கம்கூட அதற்குள் இருக்கும். 1898இல் ஓய்வூதியத் துறை வீரர்களுக்கு அனுப்பிய கேள்வித்தாளும் அதில் இருந்தால், மனைவி, மக்கள் விவரங்களை அவரே சொல்லக் கேட்பது போலிருக்கும்.

அடுத்து 1850ஆம் ஆண்டுத் தாளுக்குப் போங்கள். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அதுவே. முன்பு குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். ஆனால் உறவுமுறை 1880இல்தான் குறிக்கப்பட்டது என்பதால், ஒரே வீட்டில் இருக்கும் சிறுவன் மகனா, தம்பி மகனா என்பதை உயிலையோ நிலப் பத்திரத்தையோ கொண்டு உறுதிசெய்ய வேண்டும். தந்தையின் பிறப்பிடமாக அங்கே ‘ஜெர்மனி’, ‘பிரஷ்யா’ என்று மட்டுமே இருக்கக்கூடும். ஊர்ப் பெயருக்கு, அவர்கள் வழிபட்ட ஜெர்மானியத் தேவாலயத்தின் திருமண, அடக்கப் பதிவேடுகளையும் கல்லறைக் கல்லையும் தேடிப் பாருங்கள்.