ஓரணாவுக்கு ஆறு பைசா

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. பெயர்கள் மறந்துபோகின்றன. பட்டியல் எழுதாமல் கடைக்குப் போவது, விலையை ஒப்பிட்டு வாங்குவது போன்ற சிக்கனப் பழக்கங்கள் ஞாபகத்தைக் கூர்மையாக்கும் என்கிறார்கள். உண்மையா? வல்லாரை மாத்திரையும் சாப்பிடலாமா?

க.ரா., திருப்பூர்

அன்புள்ள க.ரா.,

மாத்திரையை வைத்தியரிடம் கேளுங்கள். வல்லாரைத் துவையல் என்றால் என்னிடம் கேட்கலாம். பெயர் மறப்பதற்கெல்லாம் கலங்காதீர்கள். வீட்டுக்கு வரும் வழி மறந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கடையில் ஓர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் என்றால் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். கையில் இருந்ததோ 850. அதே உயரம், அதே படம். போன மாதம் என்ன விலை கொடுத்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது. என் பாட்டி, ஆச்சியாக இருந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாகர்கோவில் வடசேரியின் கனகமூலம் சந்தைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சக்கரம் என்ற காசு 28 சேர்ந்தால் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது சமஸ்தானத்து ரூபாய்; பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை என்பாள். பிறகு அணாக் கணக்கு. 1957 ஏப்ரலில் புதிய பைசா வந்தது. நாலணாவுக்கு 25 பைசா, ஓரணாவுக்கு 6 பைசா என்று மாற்றுக் கணக்கு. ஆச்சி உடனே பிடித்துக்கொண்டாள்: நாலணாவுக்கு ஒரே கடையில் வாங்காமல், நான்கு கடைகளில் ஓரணா ஓரணாவாக வாங்கினால் 24 பைசாதான். ஒரு பைசா மிச்சம்! புளி எந்தக் கடை, மிளகாய் எந்தக் கடை, போன வாரம் எவன் என்ன சொன்னான், எல்லாம் மனத்தில் இருந்தாக வேண்டும்.

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் உதிர்ந்தது. கவிதை வரிகளை மனனம் செய்யவோ, ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமானதாக இருந்தது. ஆச்சிக்கு விலை என்பது கவிதை ஐயா. நமக்கு அது பொருளற்ற அசை. கைபேசியைக் காட்டிவிட்டு, எவ்வளவு போயிற்று என்றுகூடப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். பிறகு மறதி என்று கடிதம் எழுதுகிறோம். துவரம்பருப்பு கிலோ என்ன விலை? சொல்லுங்கள் பார்ப்போம். வீட்டுக்காரியிடம் கேட்கக் கூடாது. உங்களுக்கு உறைக்காத காசு உங்கள் மண்டையில் எப்படி ஐயா தங்கும்?

பில் வருவதற்குள் மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதத்தில் விலைகள் நிற்கும். பெயர்கள் நிற்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். முப்பது வருட விலையைச் சொன்ன அதே ஆச்சி, என்னைக் கூப்பிடுவதற்குள் நான்கு பேரன்களின் பெயரையும் ஒரு பசுமாட்டின் பெயரையும் சொல்லி முடித்திருப்பாள்.