ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்துகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஒரு அண்ணன் ஆறு மாதத்துக்கு முன்பு மனைவியை இழந்தார். "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்" என்றேன், நினைக்கவும் செய்தேன். போன வாரம் பார்த்தால் ஆள் பாதியாகியிருக்கிறார். ஒருநாளாவது வீட்டுப் பக்கம் போயிருக்கலாமே என்று உறுத்துகிறது. நண்பரிடம் சொன்னால், "கிருபையினால்தான் இரட்சிப்பு, நம் நீதியெல்லாம் அழுக்கான கந்தை" என்கிறார். உறுத்துவதே தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உறுத்தட்டும், நல்லதுதான். நண்பர் சொல்வதும் பொய்யில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்னும் எபேசியர் 2:8, 9 நம்மில் பலருக்கு மனப்பாடம். அடுத்த வசனமே, "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அதற்குள் வேதத்தை மூடிவிடுகிறோம். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் கடிதத்தை 1522இல் 'வைக்கோல் நிருபம்' என்று ஒதுக்கிய சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே, அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்காது, நன்மை செய்யட்டுமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்கிறார்.

யாக்கோபு காட்டும் ஆள் கெட்டவனல்ல, கவனித்தீர்களா? உடுப்பும் சாப்பாடும் இல்லாதவரிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று மரியாதையாகத்தான் சொல்கிறான். நம்முடைய "ஜெபித்துக்கொள்கிறேன்" பல நேரம் அதுதான். ஜெபத்தைக் குறை சொல்லவில்லை. உரையாடலை முடிக்க அதைப் பயன்படுத்துகிறோமே, அதைச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். வசனமும் பாட்டுமாக இருந்தது. மூன்றாவது வாரம் யாரும் இல்லை. அன்று சபையில் அதிகம் பேசாத ஒரு பெரியவர் கையில் ஒரு கோப்போடு வந்தார். "இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் எடுத்தீங்க? பத்தாவது வேணும்" என்றார். வங்கிப் படிவங்களை அம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாக நிரப்பினார். மின் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது ஜெபித்தார், இரண்டு நிமிடம் இருக்கும். முதல் வாரத்துப் பிரசங்கங்களில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை.

நல்ல சமாரியன் கதையிலும் அந்தப் பெரியவரைப் பார்க்கலாம். அடிபட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டியதை எல்லோரும் சொல்வோம். மறுநாளை விட்டுவிடுவோம். அடிபட்டவனை விடுதியில் சேர்த்த சமாரியன், விடுதிக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். திராட்சத்தோட்ட உவமையில் ஒரு பணம் ஒருநாள் கூலி, ஆக இரண்டு நாள் கூலி. பிறகு தன் பயணத்தைத் தொடர்கிறான்! எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கூடவே உட்காரவில்லை. ஆனால் மேற்கொண்டு செலவானால் "நான் திரும்பிவரும்போது" தருகிறேன் என்கிறான். நம் உதவிகளில் அநேகமாக விட்டுப்போவது இந்தத் திரும்பி வருதல்தான். அதனால் ஆறு மாதம் கழிந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். இப்போதுதான் அவர் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரோடேயே வீட்டுக்குப் போங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், சொல்லமாட்டார். சமையல் யார், மருந்து யார் வாங்கித் தருகிறார்கள் என்று கேளுங்கள். இத்தனை நாள் வராததற்கு விளக்கம் வேண்டாம். அப்புறம் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.