சுரங்கப்பாதை எங்கே போகிறது?

கேள்வி: காலாண்டு லீவு வருகிறது. பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போகலாம் என்றால், "கோட்டையைப் பார்த்தாச்சு, அங்கிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருக்குன்னும் சொல்லியாச்சு. வேலூரில் இனிமே என்ன இருக்கு? பெங்களூரு மாலுக்குப் போகலாம்" என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: மாலைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. சுரங்கப்பாதைக்கு வருவோம்.

அதற்குள் நடந்துபோன ஒருவரையாவது காட்டுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். வருகிற கடிதம் எல்லாமே "எங்க மாமனாரோட சிநேகிதர் பார்த்தாராம்" வகைதான். குடியாத்தம் வாசகர் ஒருவர் இதற்காகவே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சந்தாவை நிறுத்தவில்லை, அதுவரை க்ஷேமம். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டை எது? ஊர் ஊராகச் சொல்லப்படுகிற பாதைகளை எல்லாம் இணைத்திருந்தால் மெட்ரோ ரயிலுக்குப் புதிதாகத் தோண்டியிருக்கவே வேண்டாம். நம் ஊர்ப் பாதைக்குத் தனிச்சிறப்பும் உண்டு. விரிஞ்சிபுரம் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். கட்டணம் மிச்சம். அப்படி ஒன்று இருந்திருந்தால் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டு நிற்கிற நாமெல்லாம் இந்நேரம் அதற்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருப்போம். தொல்லியல் துறையினர் ஆராய்ந்துவிட்டு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் நம்மவர்களிடம் பதில் தயார்: "மூடிட்டாங்க சார்."

சரி, எப்போது மூடினார்கள்? அந்தக் கோட்டையைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தவர்கள் வரிசையாக அதற்குள் இருந்திருக்கிறார்களே. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் சுரங்கம் வழியாகப் போகவில்லை. 1806க்குப் பிறகு வெள்ளைக்காரன் கல்கத்தாவுக்கு அனுப்பித்தான் போனார்கள். அந்த 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலக விஷயத்தையாவது உங்கள் வீட்டில் சரியாகச் சொல்லியிருக்கிறார்களா? தோல் வைத்த புதுத் தொப்பி, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவு. முடிவெட்டிக்கொண்டு வரச் சொல்லி பி.டி. மாஸ்டர் துரத்தியதை அனுபவித்த எந்தப் பையனுக்கும் இது பாடப்புத்தகம் இல்லாமலே புரியும். விடிவதற்குள் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி எப்படி உள்ளே போனார் தெரியுமா? மேலே மிச்சமிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கயிறு இறக்க, அதைப் பிடித்துக்கொண்டு மதில் ஏறினார். அப்புறம் பீரங்கி வந்து கதவை உடைத்தது. தோற்ற சிப்பாய்களில் மதிலிலிருந்து குதித்தவர்கள் உண்டு. பூமிக்கடியில் நடந்துபோய் விரிஞ்சிபுரத்தில் எழுந்தவர் ஒருவர்கூட இல்லை.

இன்னொருவர் பாவம், கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் சாகும்வரை கைதி. ஒரு சுரங்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த அவகாசம் போதாதா? பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒன்று இருக்கிறதே, அது அவருடைய சமாதிதான். இலங்கை மேட்சில் பறக்கிற கொடியில் வாளேந்திய சிங்கம் நிற்குமே, அது இந்த ராஜாவின் கொடியிலிருந்து வந்தது. இதைச் சொல்லிவிட்டு முத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், பிள்ளைகள் மாலை மறப்பார்களா இல்லையா என்று.

உங்கள் கணவர் "பார்த்தாச்சு" என்றது எதை என்று எனக்குத் தெரியும். அகழி, பூங்கா, மாங்காய் பத்தை. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு முன் நின்றிருக்கமாட்டார். காளையும் யானையும் ஒரே தலையில் சேர்ந்திருக்கும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று நம் ஊரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள். (அடுத்த ஐட்டங்களை அச்சிட்டால் வேலூர்ப் பெண்கள் இந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள்.) சாமி 1981இல் திரும்பி வந்தாயிற்று, அதுவும் உங்கள் சத்துவாச்சாரியிலிருந்து. தண்ணீரும் 2021 நவம்பரில் பாலாறு கொள்ளாமல் வந்துவிட்டுப் போனது. பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் உண்டு. "ஏதோ கல்லு" என்று தாண்டிப் போகாதீர்கள். செங்கம் பக்கம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த வீரனுக்கு எடுத்தது. அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி, நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாகப் பெயர் நிலைத்த நாய்! பிள்ளைகளிடம் இந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டு நடுகற்களைக் காட்டினால், ஒவ்வொரு கல்லிலும் நாய் இருக்கிறதா என்று அவர்களே தேடுவார்கள்.

எடத்தனூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1989இல் ஒரு வெட்டு, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் இரண்டு. மகேந்திரன் ஒற்றைப் பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவாடி ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. தாத்தா அரிஞ்சயனுக்காக ராஜராஜன் கோயில் எழுப்பிய மேல்பாடி மட்டும் நம்மிடம் தங்கியது. நான் இன்னும் விலாசத்தில் வட ஆற்காடு என்றுதான் எழுதுகிறேன், தபால்காரர் கோபித்துக்கொள்வதில்லை. ஆற்காட்டுக்குப் போகிறவர்கள் மக்கன்பேடாவை வாங்கிக்கொண்டு, கிளைவ் 1751இல் முற்றுகைக்குள் உட்கார்ந்திருந்த கோட்டையில் மிச்சமிருக்கிற டெல்லி கேட்டைப் பார்க்காமலே திரும்புவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று வயிற்றெரிச்சல் போதும்.

விரிஞ்சிபுரத்துக்கும் போங்கள், தரைக்கு மேலேயே. மதிலழகு என்று பேர் வாங்கிய கோயில். உள்ளே தென்புறம் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. குச்சியை வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து மணி சொல்லலாம். வெயில் வேண்டும், நம் ஊரில் அதற்கென்ன குறைச்சல்.

ஒன்று மட்டும். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டு, தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டு. காலாண்டு லீவில் வருகிற காந்தி ஜயந்தியன்று போய் வாசலில் நிற்காதீர்கள். ஊருக்கெல்லாம் லீவு விட்ட அன்றைக்கு இதையும் மூடுகிற யோசனை யாருடையது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ரூல் சார் என்கிறார்கள்.